கலைந்த கருவும் கணக்கில் வர: பாம்பன் கரையிலிருந்து அரசாணை வரை ஒரு முழு வழிகாட்டி

முழுகாமல் இருக்கிற பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்து, "குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் உட்காரும்மா" என்பார்கள். வாந்தி வந்துவிடுமோ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லாரும் குடித்திருக்கிறோம். அந்த டம்ளர் அங்கே எப்படி வந்தது என்று நிறைய பேருக்குத் தெரியாது. சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையாவும் அவர் குழுவும் நகரம், நகரை ஒட்டிய பகுதி, கிராமம் என்று மூன்று இடங்களில் சுமார் 12,000 கர்ப்பிணிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நகரத்தில் 17.8%, நகரை ஒட்டிய பகுதியில் 13.8%, கிராமத்தில் 9.9% பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை கட்டாயம் என்று ஆணை போட்டது. 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் அதே 75 கிராம் குளுக்கோஸ், ரத்தச் சர்க்கரைக்கு அதே 140 என்ற வரம்பும் வந்தது. கட்டுக்கு அடங்காத சர்க்கரை, குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் இது நம் விஷயத்துக்கும், அதாவது கரு கலைவதையும் குழந்தை இறந்து பிறப்பதையும் ஆய்வு செய்து அரசாணை வரை கொண்டுபோவதற்கும், நேரடியாக வருகிறது.

என்னைக் கேட்டால் அந்தச் சதவீதங்களைவிட முக்கியமானது, "வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை" என்று அந்தச் சோதனையை அமைத்ததுதான். இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணிடம் "சாப்பிட்டு வந்துட்டியா, அப்ப நாளைக்கு வா" என்றால் அவள் வரமாட்டாள். இது தெரிந்து செய்த ஆய்வு என்பதால்தான் அதை ஒரு அதிகாரியால் ஒரே கையெழுத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எந்தக் கையெழுத்து வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து ஆய்வைத் தொடங்குங்கள். நாங்கள் தலைகீழாகத் தொடங்கி ஒரு வருடத்தை வீணாக்கியவர்கள், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஏன் அக்கறை என்றால், என் மதினிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பிரசவம் முடிந்ததும் பிள்ளை பெற்றவர்கள் நடுவிலேயே அவருக்கும் படுக்கை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் அழுதார், பால் சுரக்கும் என்று யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் கழித்து "குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா" என்று போன் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை, இது எங்கும் நடக்கக்கூடியது.

முதல் படி: யார் கையெழுத்து?

1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதை மூன்று தாமதங்களாகப் பிரித்துச் சொன்னார்கள். வீட்டில் கிளம்ப முடிவெடுப்பதில் தாமதம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதில் தாமதம், போன பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் கரைக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். இராமேஸ்வரம் தீவில் ஒரு பெண்ணுக்கு ராத்திரி பனிக்குடம் உடைந்தால் பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரம் வரச் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். 2022-ல் இராமநாதபுரத்திலேயே மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மதுரைக்குப் போகும் அந்த இரண்டாவது ஓட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி, யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

இந்த மூன்று தாமதங்களுக்கும் கையெழுத்து வேறு வேறு. 108 வண்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது ஒருவர் முடிவு, பிரசவ அறையில் ராத்திரி எத்தனை நர்ஸ் என்பது இன்னொருவர் முடிவு. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. வட்டத்து அரசு ஆஸ்பத்திரி மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறையின் கீழ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வித் துறையின் கீழ். ஒரே ராத்திரியில் ஒரே பெண் இந்த மூன்று துறைகளையும் தாண்டுகிறாள். அவள் கையில் இருக்கிற பரிந்துரைச் சீட்டு அந்த எல்லைகளில்தான் தொலைகிறது. அதனால் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். போதாததற்கு நம் வருவாய் மாவட்டம் ஒன்றுதான் என்றாலும் சுகாதார மாவட்டங்கள் இரண்டு: இராமநாதபுரம், பரமக்குடி. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சொல்லைச் சரிசெய்யுங்கள்

28 வாரம் என்ற எண்ணை மறக்காதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 28 வாரம் நிறைந்து உயிரில்லாமல் பிறந்தால் அது இறந்து பிறந்த குழந்தை, படிவம் 3-ல் பதிய வேண்டும். நாடுகளுக்கு இடையே ஒப்பிட உலக சுகாதார நிறுவனமும் அதே 28 வாரத்தைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் போனால் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. ஏழாம் மாதத் தொடக்கத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்!

மகப்பேறு பயன் பற்றிய சட்ட விதியின் எண் வேறு. 26-வது வாரம் வரை நடப்பது கருச்சிதைவு, அதற்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 1961-லிருந்தே இருக்கிற உரிமை, ஆனால் துணிக்கடையிலும் இறால் கம்பெனியிலும் வேலை பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? மத்திய அரசு ஊழியருக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022-ல் ஆணை வந்தது. சரி, பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிற அக்காவுக்கு? முதலாளியே இல்லாதவருக்கு விடுப்பு கொடுக்க யாரும் இல்லை. கரு கலைந்த நாலாம் நாள் அவர் திரும்பத் தண்ணீரில் இறங்கினால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. நம் கரையில் ஆய்வு செய்கிறவர்கள் இந்த ஓட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

அப்புறம் "அபார்ஷன்" என்ற சொல். தானாகக் கலைந்ததற்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் அதையே எழுதுவதால், படித்த மருமகள் மாமியாரிடம் சீட்டைக் காட்டவே பயப்படுகிறாள். உங்கள் கேள்வித்தாளில் அந்தச் சொல் வேண்டாம்.

மூன்றாம் படி: ஏற்கெனவே இருக்கிற தாள்கள்

புதிதாகக் கணக்கெடுக்கும் முன்பு இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) இருக்கிறது, பிரசவ அறைப் பதிவேடு இருக்கிறது, பதிவாளரிடம் படிவம் 3 இருக்கிறது. மூன்றிலும் ஒரே ஆண்டில் ஒரே பகுதிக்கு இறந்து பிறந்தவை எத்தனை என்ற எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெயர், முகவரி எதையும் கேட்காதீர்கள். கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், மறுப்பதுதான் சரியும்கூட. மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம். வேறு வேறாக இருந்தால் அந்த வித்தியாசமே உங்கள் முதல் கண்டுபிடிப்பு, அதற்கு ஒரு வீட்டுப் படி கூட ஏற வேண்டியதில்லை.

பிரசவ அறைப் பதிவில் இன்னொரு விவரமும் இருக்கும், எழுதவே கை கூசுகிறது, ஆனால் முக்கியம். பிறந்த உடலின் தோல் சிதையாமல் இருந்ததா, உரிந்திருந்ததா என்பது. உரியாமல் இருந்தால் பெரும்பாலும் பிரசவ வலி தொடங்கிய பிறகு இறந்திருக்கும், உரிந்திருந்தால் அதற்கு முன்பே. முதலாவது வகையானால் பார்க்க வேண்டியது வண்டி, பிரசவ அறை, சிசேரியன் செய்ய ராத்திரியில் ஆள் இருக்கிறாரா என்பவை. இரண்டாவதானால் மாதாந்திரச் செக்கப், ரத்த அழுத்தம், சர்க்கரை, அசைவு குறைந்தால் உடனே வரச் சொன்னார்களா என்பவை. உலக அளவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வலி வந்த பிறகு நடப்பவைதான். அதாவது நல்ல பிரசவ கவனிப்பு இருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் யார் வீட்டிலிருந்து எப்போது கிளம்பினார், எங்கே காத்திருந்தார் என்று மாவட்ட ஆட்சியர் வரை விசாரணை போகிறது. தாய் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 54 என்று 2018-20 கணக்கில் இறங்கியதற்கு (அப்போது இந்திய அளவு 97) இந்த விசாரணைப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இறந்து பிறக்கும் குழந்தைக்கும் அதே அளவு கேள்வி கேட்கப்பட வேண்டும். கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு ஒவ்வொரு தாய் இறப்பையும் பெயர் இல்லாமல், யாரையும் குற்றம் சொல்லாமல் ஆராய்கிறது. தண்டனைப் பயம் இருந்தால் உண்மை வெளியே வராது என்று புரிந்துகொண்டவர்கள்.

நான்காம் படி: பெண்களிடம் கேட்பது

இங்கேதான் நாங்கள் சொதப்பினோம். "உங்களுக்குக் கருச்சிதைவு ஆகியிருக்கா?" என்று தாளை நீட்டிக்கொண்டு போனோம். ஒரு தெரு முழுக்க "இல்லை". எங்கள் குழுவில் இருந்த ஒரு பெரியம்மாதான் சிரித்தார். "அப்படிக் கேட்டா யாரு சொல்லுவா? எத்தனை தடவை முழுகாம இருந்தேன்னு கேளு, எத்தனை பிள்ளை கையில இருக்குன்னு கேளு, மிச்சத்தை அவளே சொல்லுவா." மறுபடி அதே தெருவுக்குப் போனோம். ஆறு தடவை முழுகாமல் இருந்ததாகச் சொன்ன ஒருவருக்குக் கையில் மூன்று பிள்ளைகள். மீதி மூன்றையும் அவர் வரிசையாக, எந்த மாதம், அப்போது என்ன காற்று அடித்தது என்பது வரை சொன்னார்.

பெரியம்மாவின் யோசனைக்கு ஆராய்ச்சி உலகத்திலும் பெயர் இருக்கிறது, முழுக் கர்ப்ப வரலாறு. ஆப்பிரிக்காவிலும் வங்கதேசத்திலுமாக ஐந்து நாடுகளில் ஒப்பிட்டபோது, பிறப்புகளை மட்டும் முதன்மையாகக் கேட்கும் முறையைவிட இதில் இறந்து பிறந்தவை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பதிவாகின.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். கீழக்கரையில் ஒரு ராத்தா கேட்டால் சொல்வதை வெளியூர்க் கல்லூரிப் பையன் கேட்டால் சொல்லமாட்டார்கள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கவே கூடாது. எப்போது போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகிற ஊர்களில் அந்த நாட்களில் வீடு பூட்டியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், தனியாகப் பேச இடமே கிடைக்காது.

கேட்கக் கூடாதவையும் உண்டு. கலைந்ததா, கலைத்தார்களா என்று துருவாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே கர்ப்பமான விவரம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தில் தகவல் சொல்லும் கடமை உங்கள் மேல் விழும், அதற்கு என்ன செய்வது என்று ஒரு வழக்கறிஞரிடம் பேசி முடிவு செய்யாமல் களத்தில் இறங்காதீர்கள். ஆய்வாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் கர்ப்பிணிகளைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுபவர்களாகவே வைத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவப் பேராசிரியர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் இந்த வேலை பாதியாகும். பதில் சொல்லும்போது ஒரு பெண் உடைந்து அழுதால் தாளை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைய கணக்கு அன்றோடு போகட்டும்.

ஐந்தாம் படி: சின்ன எண்ணை வைத்துப் பெரிதாகப் பேசாதீர்கள்

உங்கள் பகுதியில் ஆண்டுக்கு 300 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு இறந்து பிறந்தவை 3 என்றால் ஆயிரத்துக்கு 10. அடுத்த ஆண்டு 5 என்றால் கிட்டத்தட்ட 17. "ஒரே ஆண்டில் 67 சதவீதம் அதிகரிப்பு" என்று நோட்டீஸ் அடித்தால், மாவட்ட அலுவலகத்தில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் இரண்டே நிமிடத்தில் உங்களை வாயடைத்துவிடுவார். மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், பக்கத்து ஒன்றியத்தோடு ஒப்பிடுங்கள், மொத்தப் பிரசவ எண்ணிக்கையைச் சொல்லாமல் இறப்பு எண்ணிக்கையை மட்டும் சொல்லாதீர்கள்.

காரணம் சொல்வதிலும் அவசரம் கூடாது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024-ல் வந்த ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கரு கலைவதும் இறந்து பிறப்பதும் சுமார் இரு மடங்கு என்று காட்டியது. வங்கதேசக் கடலோரத்தில் தாகோப் என்ற பகுதியில், உப்பு கூடுதலான குடிநீருக்கும் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு கண்டார்கள். வாலிநோக்கம் உப்பளத்தையும் கருவாடு காயப் போடுகிற மணலையும் நம் உவர்த் தண்ணீரையும் பார்க்கிறவர்களுக்கு "இங்கேயும் அப்படித்தான்" என்று சொல்ல வாய் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அங்கே பார்த்தது அங்கே. இங்கே அதைக் கேள்வியாக வையுங்கள்: எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள், அதன் உப்பு எவ்வளவு, கர்ப்பகாலப் பரிசோதனை (ஏஎன்சி) அட்டையில் ரத்த அழுத்தம் எவ்வளவு. இந்த மூன்றையும் ஒன்றாக எழுதி வைத்தாலே ஒரு பேராசிரியர் முறையான ஆய்வை வடிவமைக்கப் போதுமான அடித்தளம் கிடைத்துவிடும்.

ஆறாம் படி: இரண்டு பக்கத் தாள்

எண்பது பக்க அறிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டு பக்கம். முதல் பத்தியில் என்ன வேண்டும் என்பது, அதுவும் ஒன்றே ஒன்று. பிறகு உங்கள் எண்கள், அவை எங்கிருந்து வந்தன, எதைச் சொல்லாது என்பதும். பிறகு செலவு. என் மதினி கதையிலிருந்து மட்டும் மூன்று கோரிக்கைகள் எடுக்கலாம்: குழந்தையை இழந்தவருக்குத் தனி மூலையும் ஒரு திரையும், வீட்டுக்கு அனுப்பும்போது பால் கட்டுவது பற்றிய அறிவுரை, தடுப்பூசி அழைப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. முதலிரண்டுக்கும் அந்த ஆஸ்பத்திரித் தலைமையின் கையெழுத்தே போதும். மூன்றாவதற்கு மென்பொருளைப் பார்க்கிற மேல்மட்டம் வரை போக வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் கடைசியானதற்காக முதலிரண்டும் தேங்கும், தனித்தனியாகக் கொடுங்கள்.

அரசு ஏற்கெனவே சொன்னதைக் காட்டுங்கள். 2014-ல் வந்த இந்திய பச்சிளங்குழந்தைச் செயல்திட்டம் 2030-க்குள் இறந்து பிறப்பதை ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவோம் என்கிறது. 2016-ல் இதற்கான கண்காணிப்பு வழிகாட்டுதலும் வந்தது. "நீங்கள் போட்ட திட்டம்தான், எங்கள் பகுதியில் இந்த அளவில் நிற்கிறது" என்று சொல்வதில் சண்டை இல்லை.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் கர்ப்பத் தொடக்கத்தில் ரத்தப்போக்கு இருந்த 4,153 பெண்களிடம் புரோஜெஸ்டிரான் மருந்தைச் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தத்தில் பெரிய பலன் இல்லை, ஆனால் முன்பு கரு கலைந்த பெண்களுக்குப் பலன் தெரிந்தது. 2021 நவம்பரில் அந்நாட்டு வழிகாட்டுதல் அவர்களுக்கு மட்டும் அந்த மருந்தைப் பரிந்துரைத்தது. அவ்வளவு பெரிய ஆய்வுக்கே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஏழாம் படி: கொண்டுபோய்க் கொடுப்பது

நேராகப் பத்திரிகைக்குப் போகாதீர்கள். செய்தி வந்த மறுநாள் மாட்டுவது பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர்தான், அப்புறம் அவர் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார். முதலில் வட்டார மருத்துவ அலுவலரிடம் தாளைக் காட்டுங்கள், தப்பு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். பிறகு கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, தீர்மானமாக எழுத வைத்து நகல் வாங்குங்கள். தீர்மானத்தில் யாருடைய தனிக் கதையும் வரக் கூடாது. மாவட்ட சுகாதாரப் பேரவை கூடும் நாள் தெரிந்தால் அதற்குள் தாள் போய்ச் சேர வேண்டும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டம் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் 2018-லிருந்து இருப்பதால் தாய்சேய் நல எண்களை மேலிடத்திலும் பார்க்கிறார்கள், அதையும் மனுவில் ஒரு வரி சேர்க்கலாம்.

அதிகாரிகள் மாறுவார்கள். புதியவர் வந்த வாரமே அதே இரண்டு பக்கத்தை மறுபடி கொண்டுபோங்கள், கோபப்படாமல்.

ஆணை வந்துவிட்டால் மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். திரை வந்ததா, பதிவேட்டில் புதிதாகப் போட்ட கட்டம் நிரம்பியிருக்கிறதா. காலியாக இருந்தால் செவிலியரிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்கும் முன்பு, அவர் ஒரு நாளைக்கு எத்தனை பதிவேடு எழுதுகிறார் என்று கேளுங்கள்.